மூளைக் குருதிப்பெருக்கும் சிறுதட்டு மாற்றீடும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு புதிய கண்டுபிடிப்புக்களின் வரலாறு மட்டுமன்று. நெடுங்காலம் சரியெனக் கொள்ளப்பட்ட வழக்கங்கள் சோதனைக்கு உட்பட்டுக் கைவிடப்பட்ட வரலாறுமாகும். அஸ்பிரின் முதலிய சிறுதட்டெதிர் மருந்துகளை உட்கொள்வோருக்கு மூளையினுட் குருதிப்பெருக்கு ஏற்படுமிடத்துக் குருதிச் சிறுதட்டுக்களை ஏற்றும் வழக்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

இஃது எமக்குப் புறம்பான விடயமன்று. கண்டி - கொழும்பு வீதியில் பேராதனையை அடுத்துள்ள பிலிமத்தலாவையிலும் சூழவுள்ள கிராமங்களிலும், மாரடைப்பின் பின்னரோ பாரிசவாதத்தின் பின்னரோ நாள்தோறும் அஸ்பிரின் உட்கொண்டு வாழும் முதியோர் உளர். அத்தகைய ஒருவர் மூளைக் குருதிப்பெருக்கால் வீழ்ந்து பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ கொண்டுசெல்லப்படின், குருதி கொடுக்க உறவினர் முன்வருதல் இயல்பே. அக்குருதியின் சிறுதட்டுக்கள் அவருக்கு உதவுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

உதவும் என்னும் நம்பிக்கை காரணமின்றித் தோன்றியதன்று. 1882இல் இத்தாலிய அறிஞர் பிற்சொசேரோ குருதி உறைதலிற் சிறுதட்டுக்களின் பங்கினை விளக்கினார். 1910இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக், சிறுதட்டுக் குறைந்த நோயாளருக்குப் பிறர் குருதியை ஏற்றியபோது குருதிப்பெருக்கு நின்றமையை எடுத்துக்காட்டினார். 1971இல் ஜோன் வேன், அஸ்பிரின் புரொசுத்தகிளாந்தின் உற்பத்தியைத் தடுக்கின்றமையை வெளிப்படுத்தினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிறுதட்டுக்குக் கரு இல்லை. அஸ்பிரினால் முடக்கப்பட்ட நொதியத்தை அது புதிதாக ஆக்கவியலாது. எனவே எட்டு முதல் பத்து நாள் வரையான தன் வாழ்நாள் முழுவதும் அது குன்றியே இயங்கும். முடங்கியவற்றுக்குப் பதிலாக நல்ல சிறுதட்டுக்களை ஏற்றினாற் குருதிப்பெருக்கு அடங்கும் என்ற முடிவு இவ்வுண்மைகளினின்றும் எளிதிற் பெறப்பட்டது.

ஆயினும் தருக்கம் சான்றாகிவிடாது. 2009 தொடக்கம் 2015 வரை நெதர்லாந்து, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் 60 வைத்தியசாலைகளில் ‘பற்ச்’ என்னும் ஆய்வு நடத்தப்பட்டது. சிறுதட்டெதிர் மருந்து உட்கொண்டிருந்த 190 நோயாளர் எழுமாற்றாக இரு பிரிவினராக்கப்பட்டனர். 97 பேருக்குச் சிறுதட்டு ஏற்றப்பட்டது, 93 பேருக்கு வழமையான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. 2016இல் ‘லான்செற்’ இதழில் வெளிவந்த முடிவு எதிர்பார்ப்புக்கு மாறாக இருந்தது. மூன்று மாதங்களின் பின், மரணத்துக்கோ பிறரைச் சார்ந்து வாழும் நிலைக்கோ உள்ளாகும் வாய்ப்பு விகிதம் சிறுதட்டு பெற்றோரிடையே ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. 2022இல் அமெரிக்க இதய, பாரிசவாதச் சங்கங்களின் வழிகாட்டல், அவசர அறுவைக்கு உட்படாத அஸ்பிரின் நோயாளருக்கு இச்சிகிச்சை தீங்கானது எனக் கூறிற்று.

இம்முடிவின் எல்லையும் உணரப்படல் வேண்டும். அவசர மூளை அறுவைக்குச் செல்வோருக்குச் சிறுதட்டு ஏற்றுவது பற்றிச் சிந்திக்க அவ்வழிகாட்டல் இடமளிக்கின்றது. சிறுதட்டு எண்ணிக்கையே வெகுவாகக் குறைந்தோரின் நிலையும் வேறு. இதைக் கேட்டு எவரும் தாமாகவே அஸ்பிரினை நிறுத்துதலும் தகாது.

எமது நாட்டில் இவ்வினாவுக்குச் சமூக முகமும் உண்டு. 1971இல் நிறுவப்பட்ட அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, எம்மருந்து உண்மையில் தேவை என்ற வினாவைப் பொதுமக்கள் நலனின் வினாவாக ஆக்கினார். மருந்துக்குப் பொருந்தும் அவ்வினா குருதிக்கும் பொருந்தும். சிறுதட்டுக்கள் 20 முதல் 24 பாகை செல்சியசில், இடைவிடாது அசைக்கப்பட்டு, வழமையாக ஐந்து நாள் மட்டுமே பேணப்படுவன. ஊதியம் பெறாத கொடையாளரின் கையினின்று வருவன. பயனற்ற இடத்தில் அவற்றைச் செலவிடுதல் ஒரு நோயாளருக்குத் தீங்கும், அவற்றுக்காகக் காத்திருக்கும் இன்னொருவருக்கு இழப்புமாகும். ஏதேனும் செய்தாக வேண்டும் என்று உறவினர் வேண்டும்போது, செய்யாமையின் காரணத்தை அவர்தம் மொழியில் விளக்குதலும் மருத்துவரின் கடமையே.