விற்ற பிறகு வந்த செய்தி

‘இன்னும் விளம்பரம் போடல பாஸ், உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்.’ வீடு தேடும் என் வயதுக்காரர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள். கேட்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் அந்த ஏஜெண்ட் யாருக்கு வேலை செய்கிறார்? வீட்டை விற்பவருக்கு. விற்பவருக்கு நல்லது, பத்துப் பேர் வந்து பார்த்து பத்துப் பேரும் விலை கேட்பது. காதோடு காதாக ஒருவரிடம் மட்டும் பேசி முடித்தால் விலை குறையலாம். ஏஜெண்டுக்கோ வேலை சீக்கிரம் முடியும். சில சமயம் இரண்டு பக்கமும் கமிஷன் பார்க்கலாம். ஒரே விற்பனையில் ஒரே ஏஜெண்ட் இரு தரப்புக்கும் வேலை செய்வதைச் சிங்கப்பூரில் சட்டமே தடுத்து வைத்திருக்கிறது.

இந்தப் பேச்சு பெரும்பாலும் விற்பவர், வாங்குபவர், நடுவில் நிற்பவர் என்று மூன்று பேரோடு முடிந்துவிடும். அந்த வீட்டில் குடியிருப்பது நான்காவது ஒருவராக இருந்தால்? 1950களில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த நம் ஆட்கள் அந்த நான்காவது இடத்தில்தான் இருந்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். இதை நாம் வேலையின்மையின் கதையாக, வறுமையின் கதையாகப் படித்திருக்கிறோம். அது சரிதான். எனக்கு அது முதலில், ஒரு செய்தி யாருக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்கிற கதையாகத் தெரிகிறது.

வெள்ளைக்காரர்கள் ஏன் விற்றார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் தொடங்கியது. கொரியப் போர் ரப்பர் விலையை ஏற்றிவிட்டது, பிறகு அது இறங்கியது. செயற்கை ரப்பர் போட்டிக்கு வந்தது. பல தோட்டங்களில் மரங்கள் கிழடு தட்டிவிட்டன. மறுநடவு செய்தால் பால் வெட்ட ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். 1957இல் சுதந்திரம். புதிய அரசு எப்படி நடந்துகொள்ளுமோ என்ற பயம். காத்திருக்க மனமில்லாதவர்கள் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள்.

விற்பனை எப்படி நடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆயிரம் ஏக்கர் தோட்டத்தை ஒட்டுமொத்தமாக வாங்கப் பணம் உள்ளவர்கள் நாட்டில் மிகச் சிலர். பத்து ஏக்கர் வாங்கக்கூடியவர்கள் நிறைய. அதனால் மொத்தமாக வாங்கினால் ஏக்கர் விலை குறைவு, துண்டுகளாக விற்றால் அதிகம். இந்த இடைவெளியைக் கண்டுபிடித்த இடைத்தரகர்கள் கூட்டாகச் சேர்ந்து முன்பணம் கட்டினார்கள். பாக்கியைக் கட்டி முடிக்கக் கிடைத்த தவணைக்குள் துண்டுகளை வாங்க ஆள் பிடித்தார்கள்.

நான் எஞ்சினியர், கணக்குப் போடாமல் எனக்கு எதுவும் புரியாது. ஒரு கற்பனைக் கணக்கு: ஆயிரம் ஏக்கர், ஏக்கர் 500 வெள்ளி, மொத்தம் 5 லட்சம். பத்து விழுக்காடு முன்பணம் என்றால் கையிலிருந்து போவது 50,000. துண்டு போட்டு ஏக்கர் 700க்கு விற்றால் 7 லட்சம். செலவுகளைக் கழிக்காமல் பார்த்தால், 50,000 போட்டவருக்கு 2 லட்சம் லாபம். தோட்டத்தில் ஒரு மரத்தைக்கூட அவர் தொட்டிருக்க மாட்டார்.

இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: மொத்த விற்பனைப் பேச்சு வெளியே கசியக் கூடாது. கசிந்தால் இன்னொரு கூட்டம் வரும், விலை ஏறும். ஆக லாபத்தில் ஒரு பங்கு நிலத்திலிருந்து வந்தது, இன்னொரு பங்கு மௌனத்திலிருந்து வந்தது. அந்த மௌனம் லயத்தில் குடியிருந்தவர்களைக் குறிவைத்தது என்று நான் சொல்லவில்லை. குறிவைக்கும் அளவுக்குக்கூட யாரும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. விற்பனை ஒப்பந்தத்தில் அவர்கள் ஒரு தரப்பே அல்ல. கட்டடங்களோடும் மரங்களோடும் அவர்களும் அந்த நிலத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

துண்டாடியபின் போனது வேலை மட்டுமல்ல. 1923 தொழிலாளர் சட்டத்தின்படி பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். வீடு, மருத்துவம், ஆயாக்கொட்டகை எல்லாம் நிர்வாகம் என்ற ஒன்று இருப்பதை நம்பி எழுதப்பட்ட கடமைகள். தோட்டம் நூறு துண்டானால் அந்தக் கடமையை யார் தலையில் வைப்பது? பத்து ஏக்கர்க்காரர் தன் குடும்பத்தோடு மரம் வெட்டிக்கொள்வார், மிஞ்சினால் ஓரிருவரைக் கூப்பிடுவார். லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை போனால் அதுவும் போனது. குடியுரிமை இல்லாதவர்களுக்கு அடுத்து எங்கே போவது என்பதும் கேள்வியானது. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை உங்கு அஜீஸ் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘தோட்டத்தைப் பிரிச்சுட்டாங்க’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிற விஷயத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அறிய விரும்புபவர்கள் அதைத் தேட வேண்டும்.

துன் வீ.தி. சம்பந்தனைப் பற்றிப் பேசாமல் இதைக் கடக்க முடியாது. அவரும் சுங்கை சிப்புட்காரர். ரப்பர் தோட்டம் வைத்திருந்த குடும்பம். நிலம் எப்படிக் கைமாறும் என்பது அவருக்கு வீட்டிலேயே தெரிந்திருக்கும். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அவரும் மனைவி உமா சம்பந்தனும் தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். மாதம் 10 வெள்ளி. வெட்டுக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது லேசான தொகை அல்ல. சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை.

சம்பந்தனைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் சேமிப்பையும் ஒற்றுமையையும் சொல்வார்கள். எனக்குப் படுவது வேறு. இடைத்தரகர்களின் பலம் வேகம்: செய்தி வந்ததும் முன்பணத்தை நீட்டுவது. தொழிலாளிக்குச் செய்தி தாமதமாக வந்தது ஒரு பக்கம். முன்கூட்டியே வந்திருந்தாலும் கையில் என்ன இருந்தது? முன்பே சேர்த்து வைத்த பணம்தான் அந்தக் கேள்விக்குப் பதில். லயத்தில் இருந்தவர்களை வாங்குபவர்களின் வரிசைக்குள் அது கொண்டுபோய் நிறுத்தியது. அதே சமயம், விற்பனைக்கு முன் குடியிருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்று அது யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விளையாட்டின் விதியை அப்படியே வைத்துக்கொண்டு நம்மையும் ஆட்டக்காரராக்கியது. 10 வெள்ளி கட்ட முடியாதவர், சங்கம் போய்ச் சேருமுன் விற்கப்பட்ட தோட்டத்தில் இருந்தவர், பழைய இடத்திலேயே நின்றார்கள்.

விதியைத் தொட்டது சட்டம், அதுவும் தாமதமாக. 1965 தேசிய நிலச் சட்டத்தில் பிறகு சேர்த்த 214ஏ பிரிவின்படி தோட்ட நிலத்தைக் கைமாற்ற முதலில் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும். விற்பனைக்கு முன்பே ஒரு பொது அமைப்புக்குச் செய்தி போகிறது என்பது பெரிய மாற்றம்தான். அதற்குள் எத்தனையோ தோட்டங்கள் துண்டாகிப் போயிருந்தன.

தோட்ட நிலம் என்று அந்தச் சட்டம் இன்று கணக்கில் எடுப்பது குறைந்தது 40 ஹெக்டர் விவசாய நிலத்தை. அளவுகோல் நிலத்துக்குத்தான், அதில் வாழும் குடும்பங்களுக்கு இல்லை. பினாங்கு கம்போங் புவா பாலா அந்த அளவுக்குக் கிட்டேகூட வராது. பழைய தென்னந்தோப்புத் தொழிலாளர்களின் வாரிசுகள் மாடு வளர்த்து வாழ்ந்த சின்னக் கிராமம். மாநில அரசின் நிலம் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனது. அங்கே அடுக்குமாடி கட்ட ஒரு மேம்பாட்டு நிறுவனம் வந்தது. குடியிருந்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போனபோது அவர்கள் எதிர்த்து நின்றது ஏற்கெனவே எடுக்கப்பட்ட முடிவை. வழக்கு மேலே மேலே போய்த் தோற்றது. 2009இல் வீடுகளை இடித்தார்கள்.