அந்தப் பெண்ணிடம் யார் கேட்டார்கள்?



எம்மிடம் படித்த பிள்ளை ஒருவரின் உம்மா அண்மையில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். புற்றுநோயால் ஒரு பக்க மார்பை இழந்தவர். "டீச்சர், திரும்ப அமைக்கலாம் எண்டு டொக்டர் சொல்றார். அது அல்லாஹ்ட படைப்பை மாத்துற பாவமா?"

அந்தக் கேள்விதான் எம்மை இந்த வரலாற்றைத் தேட வைத்தது.

1894இல் அமெரிக்காவின் போல்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் தமது முறையை வெளியிட்டார். மார்பகம், அதன் கீழுள்ள தசை, அக்குளின் நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து அகற்றும் முறை அது. நோய் அதே இடத்தில் திரும்பி வருவது குறைந்தது. அதுவே வெற்றியின் அளவுகோலானது. கை வீங்கி, நெஞ்சு குழிந்து வீடு திரும்பிய பெண் எப்படி வாழ்கிறாள் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

மறு ஆண்டே, 1895இல், ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் வின்சென்ஸ் செர்னி ஒரு பெண்ணின் உடலில் வேறு இடத்திலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து, அகற்றிய மார்பின் இடத்தில் வைத்தார். மார்பக மீளமைப்பின் தொடக்கமாகச் சொல்லப்படுவது இதுதான். ஆனால் அது பரவலாக இன்னும் பல தசாப்தங்கள் சென்றன.

1970கள் வரை அமெரிக்காவில் பல பெண்கள் கட்டியைப் பரிசோதிக்க மயக்க மருந்து பெற்று, விழிக்கும்போது மார்பு இல்லாமல் இருப்பார்கள். 1974இல் நோயுற்ற ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் இதை எதிர்த்துப் போராடினார். 1979இல் அந்நாட்டு நிபுணர் குழு, பரிசோதனை வேறு, சத்திரசிகிச்சை வேறு என்று பரிந்துரைத்தது. இடையில் பெண்ணின் சம்மதத்துக்கு இடம் கிடைத்தது.

2009இல் அன்ட்ரியா பியூசிக் குழுவினர் 'பிரெஸ்ட்-கியூ' என்ற வினாக்கொத்தை வெளியிட்டனர். மனநிறைவு, உடல் நலம், மனநலம், தாம்பத்தியம், வைத்தியர் தந்த விளக்கம் போதுமா என்பதையெல்லாம் நோயாளியிடமே கேட்பது அது. பதில்களைச் சேர்த்துப் பார்த்தபோது, தம் வயிற்றுத் தசை, கொழுப்பால் அமைத்துக்கொண்டவர்கள் சிலிக்கோன் வைத்தவர்களைவிடச் சராசரியில் கூடிய நிறைவோடு இருந்தார்கள். ஆனால் அது பெரிய சத்திரசிகிச்சை. வயிற்றிலும் தழும்பும் வலியும் உண்டு. மீளமைக்காமலே நிறைவாக வாழ்பவர்களும் பலர். விளக்கம் கேட்டறிந்து, தாமே முடிவெடுத்தவர்களுக்கு வருத்தம் குறைவு.

பாவமா என்ற கேள்விக்கும் வரலாறு உண்டு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்களுக்கு வெள்ளியில் செய்த மூக்கு துர்நாற்றம் தந்தபோது, தங்கத்தில் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். 2007இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, அகற்றப்பட்ட மார்பை மீளமைப்பதை அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகளில் ஒன்றாகவே குறிப்பிட்டது.

அந்த உம்மாவிடம் இதைச் சொன்னோம். "செய்யத்தான் வேணும் எண்டு இல்ல. செய்தா பாவமும் இல்ல. உங்கட ஊர் ஆலிமிட்டயும் கேளுங்க. முடிவு உங்கடது" என்றோம். அழுதார். இரண்டு வருடமாக யாரும் தன்னிடம் "உனக்கு என்ன வேணும்" என்று கேட்கவில்லையாம்.

கணவன்மாரே, மகன்மாரே, நூறு வருடம் வைத்தியர்கள் கேட்க மறந்த கேள்வியை நாமும் மறக்க வேண்டாம். சகோதரிகளே, கட்டி ஒன்று தட்டுப்பட்டால் வெட்கத்தில் மறைக்காமல் அருகிலுள்ள கிளினிக்குக்குப் போங்கள்.

அல்லாஹ் நோயுற்ற எல்லோருக்கும் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.