மேய்ச்சலிலிருந்து புற்போருக்கு: மொன்டானா மலைப் பண்ணைகளில் உழைப்பின் மாற்றம்

முன்னுரை

அமெரிக்க மேற்கின் மாட்டுப் பண்ணை என்றதும் குதிரைமேல் கயிறு சுழற்றும் கௌபாய்தான் கண்முன் வருவார். மொன்டானாவின் மலைப் பள்ளத்தாக்குகளிலோ, பண்ணைகளைக் காலூன்ற வைத்தது புல் அறுத்துப் போர் போட்ட உழைப்பே. அது பண்ணை வாழ்வின் நடுவே வந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலவசப் புல்லின் காலம்

1850களில் ஜானி கிராண்ட் என்ற வணிகர், குடியேறிகள் மேற்கே சென்ற ஓரிகன் தடத்தில் வண்டியிழுத்து ஓய்ந்த மாடுகள் இரண்டை வாங்கிக்கொண்டு திடமான மாடு ஒன்றைக் கொடுப்பார். ஓய்ந்தவற்றை மலைப் பள்ளத்தாக்குகளில் மேயவிட்டுத் தேற்றுவார். டீர் லாட்ஜில் இருந்த அவரது பண்ணையை 1866இல் கான்ராட் கோர்ஸ் 19,200 டாலருக்கு வாங்கினார். தங்கச் சுரங்க முகாம்களுக்கு இறைச்சி விற்று முன்னேறியவர் அவர்.

அரசு நிலத்தில் மேய்க்க அன்று கட்டணம் இல்லை. 1883இல் நார்தர்ன் பசிபிக் ரயில் பாதை நிறைவடைந்ததும் கிழக்குச் சந்தைகள் எட்டும் தொலைவில் வந்தன; மந்தைகள் பெருகின. காற்று பனியைத் துடைத்த சரிவுகளில் மேய்ந்து மாடுகள் குளிர்காலத்தைத் தாமே தாண்டிவிடும் என்று பலர் நம்பினர்.

1886–87 குளிர்காலம்

1886 கோடையில் மழை பொய்த்து மேய்ச்சல் கருகியது. பின்வந்த குளிர்காலத்தில் இடையே உருகிய பனி மீண்டும் உறைந்து கெட்டிப் படலமானது. அதை உடைத்துப் புல்லை எட்ட முயன்ற மாடுகளின் கால்கள் கிழிந்தன. பட்டினியால் மந்தை மந்தையாகச் செத்தன. கிழக்குச் சமவெளியில் இழப்பு மிகக் கடுமை. கோர்ஸ், பியூட் நகர வங்கியாளர் ஏ. ஜே. டேவிஸிடம் 1,00,000 டாலர் கடன் பெற்று மீண்டார். மற்றொரு முன்னோடியான கிரான்வில் ஸ்டூவர்ட், தீனியும் ஒதுங்கிடமும் தர இயலாத மாட்டை இனி வைத்திருக்க விரும்பாமல் தொழிலை விட்டார்.

புல்லைச் சுற்றிய ஆண்டு

குளிர்காலத் தீனியைக் கோடையிலேயே சேர்ப்பது இதன்பின் கட்டாயமானது. ஒரு பசுவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 12 கிலோ உலர்புல் வேண்டும். ஐந்து மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன். சுமார் 6,000 அடி உயரத்திலுள்ள பிக் ஹோல் பள்ளத்தாக்கில் பயிர்க்காலமோ மிகக் குறுகியது.

ஆகவே ஆண்டின் வேலைகள் யாவும் புல்லையொட்டி அமைந்தன. வசந்தத்தில் இரவெல்லாம் விழித்திருந்து கன்று ஈனும் பசுக்களைக் கவனிப்பார்கள். பிறகு கன்றுகளுக்குச் சூடு போடுவார்கள். பனி உருகிய நீரை வாய்க்கால் வெட்டிப் புல்வெளிக்குப் பாய்ச்சியபின், மந்தையை மேல்மலைக்கு ஓட்டுவார்கள். கீழ்வெளியில் மாடு இல்லாத அந்த இடைவெளியில்தான் அறுவடை நடக்கும்.

1910இல் பிக் ஹோலைச் சேர்ந்த இருவர் காப்புரிமை பெற்ற ‘பீவர்ஸ்லைடு’ என்ற போர் போடும் சாதனம் இவ்வேலையை விரைவாக்கியது. குதிரைகள் கம்பிவடத்தை இழுக்க, புல் நிறைந்த தட்டு சாய்தளத்தில் ஏறி உச்சியில் கவிழும். போர்மேல் நிற்பவர்கள் புல்லைப் பரப்பி மிதிப்பார்கள். பனிக்காலத்தில் அதே புல்லைக் குதிரைச் சறுக்குவண்டியில் ஏற்றி அன்றாடம் மந்தைக்கு வீசுவார்கள்.

மலைமேய்ச்சலும் கட்டுக்குள் வந்தது. 1906 முதல் அமெரிக்க வனத்துறை அனுமதிச்சீட்டும் கட்டணமும் விதித்தது.

முடிவுரை

கடும்பனி மட்டும் இம்மாற்றத்துக்குக் காரணமன்று. இலவச நிலம் சுருங்கியதும் சேர்ந்தே இயங்கியது. ஒரு பண்ணை எத்தனை மாடு வைக்கலாம் என்பதை மேய்ச்சலின் பரப்பைவிடக் கோடையில் சேர்த்த புல்லின் அளவே தீர்மானித்தது. எனவே இப்பண்ணைகளின் வரலாற்றில் கயிறு வீசியவருக்குத் தரும் இடத்தைப் போர்மேல் நின்று புல் மிதித்த கூலியாளுக்கும் தருவதே நியாயம்.