120 வோல்ட்டும் வீட்டு பீரும்

வீட்டில் பீர் காய்ச்சுவது நம்மூரில் குற்றம்; 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எனக்கும் குடிப்பழக்கம் கிடையாது. மின்சாரத்தோடு முப்பது வருடம் மாரடித்தவன் என்பதால் இதன் கதை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் 1880 முதல் இதற்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டு ஒயினுக்கு அனுமதி கிடைத்தது, பீர் விடுபட்டுப்போனது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் மத்தியச் சட்டம் வழிவிட்டது. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013 வரை இழுத்தடித்தன.

சட்டம் வழிவிட்டாலும் அடுப்பு ஒன்றாக இல்லை. பிரிட்டிஷ்காரர்கள் பெரிய பிளாஸ்டிக் வாளியில் கெட்டில் சுருளைப் பொருத்திச் சமையலறையிலேயே காய்ச்சினார்கள். அமெரிக்கர்களில் பலர் வான்கோழி பொரிக்கும் புரொப்பேன் அடுப்போடு வாசலில் நின்றார்கள், பனி கொட்டினாலும். அதை உள்ளே கொண்டுவர முடியாது. மூடிய இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும் வாயு.

காரணம் சுவரில் இருக்கும் பிளக். எடிசன் தன் விளக்குகளுக்கு 110 வோல்ட்டைப் பிடித்தார். அமெரிக்கா இன்று 120-இல் நிற்கிறது. 15 ஆம்பியரில் 1800 வாட்தான் உச்சம், சாதனங்கள் பெரும்பாலும் 1500-ஓடு நின்றுவிடும். பிரிட்டிஷ் பிளக்கோ தாராளமாக 3000 வாட் தரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 19 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 25 லிட்டர் கொதிக்க வேண்டும். 20 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டுபோக 2.3 யூனிட். 3000 வாட்டில் முக்கால் மணி நேரம். 1500 வாட்டில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். பிறகும் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அகலப் பாத்திரம் சூட்டை இழந்துகொண்டே இருக்கும், 1500 வாட் திணறும்.

அமெரிக்க வீடுகளுக்கும் 240 வோல்ட் வருகிறது. ஆனால் துணி உலர்த்தி, மின்னடுப்பு போன்றவற்றுக்குத்தான். சமையலறையில் இதற்கென்று தனி லைன் இழுப்பதென்றால் எலக்ட்ரீஷியனுக்குக் கூலி, பேனலில் புது பிரேக்கர் என்று செலவு ஏறும்.

வழி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே வீட்டில் காய்ச்சுபவர்கள் மூன்று பாத்திரம் எதற்கு என்று, முளைகட்டி உலர்த்திய பார்லியை ஒரு துணிப்பைக்குள் போட்டு ஒரே பானையில் ஊறவைத்தார்கள். 65 டிகிரியில் ஒரு மணி நேரம், பையைத் தூக்கிப் பிழி, அதே பானையில் கொதிக்கவிடு. நம் வீட்டில் துணியில் புளி வடிகட்டுகிற மாதிரிதான்.

இதோடு அளவையும் பாதியாக்கினால் சாதாரண இன்டக்‌ஷன் அடுப்பே போதும். 12 லிட்டருக்கு 1.1 யூனிட், 1500 வாட்டிலும் முக்கால் மணி நேரத்தில் கொதி வந்துவிடும். பானையைச் சுற்றி ஒரு பழைய கம்பளியைக் கட்டினால் ஊறும் நேரத்தில் சூடும் இறங்காது. அடுப்பை மூட்டும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். கிடைப்பது இரண்டு டஜன் பாட்டில் சொச்சம். ஒரு வீட்டுக்கு அது போதாதா என்ன?