வைரம் அறிந்த மண்

மரவகைகளைப் பகுத்துரைக்கும் தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் பிரிக்கிறது. வெட்டுவாயில் தெரியும் உறுதியைக் கண்டு மரத்தை அறிந்த மக்களின் பகுப்பு இது. நம் இராமநாதபுரக் கடற்கரையில் இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடாமல் கூரையிலும் ஏரிலும் தோணியிலும் வாழ்ந்தது.

பனை, தொல்காப்பியக் கணக்கில் புல்லே. கரிய நார்கள் புறத்தே செறிந்திருக்க, நடுவில் மெத்தென்ற சோறே இருக்கும். எனவேதான் முதிர்ந்த பனையைப் பிளந்து, சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, புறப்பகுதியைக் கூரைக்குக் கைமரமாக இட்டனர் நம் முன்னோர். அரசிலையை ஒத்த இலையும், மஞ்சளாய் விரிந்து வாடும்போது சிவக்கும் பூவும் கொண்டது பூவரசு. கடலோர உவர்மண்ணைத் தாங்கி வளரும் இது வண்டிக்கும் தோணிக்கும் உதவியது. வெட்டினால் மஞ்சள் நிறம் காட்டும் நுணா, நுகத்தடியாயிற்று. மாட்டின் கழுத்தில் ஏறுவது கனமற்றதாயிருக்க வேண்டும் என்ற பரிவும் அத்தேர்வில் உண்டு.

கருவேலோ கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் உரியது. அதன் வளைந்த கிளைகளைத் தோணியின் வங்குக்கால்களுக்குத் தேடி எடுப்பர். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுபட்டு வலிமை குன்றும். இயல்பாய் வளைந்த கிளையிலோ நாரும் உடன் வளைந்து அலையின் அடியைத் தாங்கும். தென் தமிழகத்திற்கும் இலங்கைக்கும் உரிய குடைவேல், விரித்த குடைபோல் தட்டையாய் நின்று விறகும் வேலிமுள்ளும் ஆட்டுக்கு நெற்றும் தந்தது.

இன்று இவற்றிற்கு நேர்ந்திருப்பது பெயர்க் குழப்பம். அமெரிக்க மண்ணுக்குரிய சீமைக்கருவேல், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியாவுக்குள் வந்தது. 1693-இல் புனித அருளானந்தர் ஓரியூரில் தம் உயிரை ஈந்தபோது இந்நாட்டில் அது ஒன்றுகூட இல்லை. இன்றோ கண்மாயும் தரிசும் அதன் வசமாயின. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டு அதனால் பிழைத்த ஏழைக் குடும்பங்கள் பல என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் நிலத்தை முற்றாக வளைத்துக்கொள்ளும் அதனை அகற்றுமாறு 2017-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2022-இல் தமிழக அரசும் அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்துத் தனிக் கொள்கை வகுத்தது.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். அனைத்தையும் 'கருவை' என்னும் ஒரே பெயரால் அழைத்தால், வெட்டும் கைக்கு வேற்றுமை தெரியாது. நாட்டுக் கருவேலின் பூ, மஞ்சள் உருண்டை. நெற்று, மணி கோத்த மாலைபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். குடைவேலின் பூ வெள்ளை உருண்டை, நெற்று சுருண்டிருக்கும். சீமைக்கருவேலின் பூ நீண்ட கதிர். நெற்று ஒடுக்கமின்றி நீண்டு, முற்றியபின் மஞ்சளாகும்.

இம்மூன்று அடையாளங்களையும் ஒரு நண்பகலுக்குள் சிறுவர்க்குக் கற்பித்துவிடலாம். நம் பங்குகளின் மறைக்கல்வி மாணவரை ஊர்க் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்று, எஞ்சியுள்ள நாட்டு மரங்களை எண்ணி அடையாளமிடச் செய்தால் என்ன? களையோடு பயிரும் பறிபடலாகாது என்னும் நற்செய்தி உவமை, கோடரி ஏந்திய இக்காலத்திற்கும் பொருந்துகிறது. பெயர் தெரிந்த மரத்தை எவரும் எளிதில் வெட்டுவதில்லை.