சமையற்கட்டுக்குள் சட்டம் நுழைந்த வழி

தமிழ்நாட்டு உணவகத் தொழிலில் பயிற்சி என்பது நெடுங்காலம் பாடநூலைச் சார்ந்ததாக இருக்கவில்லை. இலை எடுக்கவும் மேசை துடைக்கவும் சேர்ந்த சிறுவன் பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, அடுப்படியில் எடுபிடியாக நின்று, பின்னர் சப்ளையராகவோ சரக்கு மாஸ்டராகவோ உயர்வதே அத்தொழிலின் கல்விமுறையாக இருந்தது. மாவின் பதமும் பாகின் கம்பியும் இவ்வழியே கைமாறின. நோய்க்கிருமி பற்றிய அறிவு கற்பித்தவரிடமே இல்லாததால் அது கைமாறவில்லை.

அவ்விடத்தை நிரப்பியது சாதி. ‘பிராமணாள்’ என்னும் சொல்லைத் தாங்கிய பெயர்ப்பலகைகள் சமைத்தவர் யார் என்பதையே தூய்மைக்குச் சான்றாக முன்வைத்தன. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்பு இத்தகைய பெயர்ப்பலகையை எதிர்த்துத் திராவிடர் கழகம் நடத்திய மறியலின் நோக்கம் சமத்துவமே அன்றிச் சுகாதாரம் அன்று. எனினும், சமைப்பவரின் பிறப்புக்கும் உணவின் தூய்மைக்கும் இருப்பதாகக் கருதப்பட்ட பிணைப்பைத் தெருவில் வைத்துக் கேள்வி கேட்டதால், உணவுச் சுகாதார வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு.

சட்டமோ முதலில் பண்டத்தையே நோக்கியது. 1918-ஆம் ஆண்டின் சென்னைக் கலப்படத் தடைச் சட்டமும், 1954-இல் இயற்றப்பட்ட நடுவண் அரசின் உணவுக் கலப்படத் தடைச் சட்டமும், பாலிலும் நெய்யிலும் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பும் முறையால், பெரும்பாலும் வணிகரின் நேர்மையையே சோதித்தன. கலப்படமற்ற நெய்யில் செய்த பண்டமும் கழுவாத கையால் நோய் பரப்பும் என்பது அச்சோதனையில் அகப்படவில்லை. இந்தியாவில் இவ்வகையில் முதலாவதான 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோயுற்றவர் உணவு தயாரிப்பதைத் தடை செய்து, பார்வையைத் தொழிலாளியின் உடல்மேல் திருப்பியது.

அவரது வழக்கங்களின்மேல் அது திரும்பியது மிகவும் பிந்தித்தான். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் நிறைவேறி 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்தபோது, அதன் உரிம விதிகளின் நான்காம் அட்டவணை கை கழுவுதல், தலையுறை, நீரின் தரம், ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றை வரையறுத்தது. 2017-இல் ‘ஃபோஸ்டாக்’ எனப்படும் பயிற்சித் திட்டம் தொடங்கி, 25 பணியாளர்களுக்கு ஒருவர் என்னும் கணக்கில் மேற்பார்வையாளர்களுக்குப் பயிற்சியளிக்க வழிவகுத்தது. சமைக்காத இறைச்சியின் கிருமி கத்தி, பலகை வழியே சமைத்த உணவை அடையும் குறுக்குத் தொற்றும், 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகுவதும் இத்தகைய பயிற்சியின் அடிப்படைப் பாடங்களாகும். வடித்த சோற்றை மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்திருப்பது தவறு என்பது இங்கேதான் விளங்குகிறது, ஏனெனில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் மடியாமல் பின்னர் முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன. அந்நஞ்சோ மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை.

இன்று பாத்திரம் கழுவும் இடத்தில் வட, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தோர் நிற்கும்போது, தமிழில் கற்ற மேற்பார்வையாளர் இப்பாடங்களை அவர்களுக்கு எந்த மொழியில் சொல்லிக்கொடுப்பது என்பதை உணவகங்கள் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டியுள்ளது.