கடைசி நேரக் கடிதம்

எந்த ஊரில் எத்தனை வீடு என்று மேலிருந்து சொன்ன வட்டாரத் திட்டங்களை ஒழிக்க இங்கிலாந்தில் 2011-இல் சட்டம் வந்தது. பதிலுக்கு ஒரு கடமை வந்தது: வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும்போதே பக்கத்து உள்ளாட்சி மன்றங்களோடு தொடர்ந்து பேச வேண்டியிருந்தது. ஒத்துப்போகணும்னு கட்டாயம் இருக்கவில்லை.

கென்ட் பகுதியிலுள்ள செவனோக்ஸில் 93 சதவீத நிலம் கட்டுமானக் கட்டுப்பாடுள்ள பசுமை வளையம். வீடுகளுக்கு இடம் போதவில்லை. மிச்சத்தை ஏற்பீர்களா என்று அக்கம்பக்கத்து மன்றங்களுக்கு முறையாக எழுதியது 2019 ஏப்ரலில். அதே மாதம் திட்டத்தையும் சமர்ப்பித்துவிட்டது. ரிலீஸுக்கு முந்தின நாள் பக்கத்து டீமிடம் போய் நிற்பதுபோல.

ஆய்வாளர் ஏற்கவில்லை. சமர்ப்பித்தபின் இந்தக் குறையைச் சரிசெய்ய அன்றைய சட்டத்தில் வழி இருக்கவில்லை. 2020 நவம்பரில் உயர் நீதிமன்றமும் மன்றத்தின் வழக்கைத் தள்ளியது.

முன்பே கேட்டிருந்தால் மட்டும் இடம் கிடைத்திருக்குமா? பக்கத்து ஊர்களிலும் அதே பசுமை வளையம்தான்.